நிற்கிற நேரம்

பேருந்து ஓட்டுகிறவர்களுக்கு நேரம் இரண்டு வகை. ஒன்று ஓடுகிற நேரம், இன்னொன்று நிற்கிற நேரம். ஓடுகிற நேரம் பிசகினால் டிப்போவில் பதில் சொல்ல வேண்டும். நிற்கிற நேரம் கூடினால் வண்டிக்குள் இருப்பவர்களிடம் பேச்சு வாங்க வேண்டும். முப்பத்தொரு வருஷம் ஒரே தடத்தில் வண்டி ஓட்டிய மனிதர் ஒருவருக்கு, நிற்பது என்றாலே பிடிக்காமல் போய்விட்டது. தெருவில் எல்லாருக்கும் அவர் டிரைவர். கடைக்காரருக்கு டிரைவர் சார், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு டிரைவர் மாமா, மனைவிக்கு மட்டும் 'ஏங்க'.

வண்டியில் அவர் தலைக்கு மேலே ஒரு பலகை இருந்தது. 'ஓட்டுநருடன் பேசக் கூடாது.' அதை ஆணியோடு பிடுங்கி வீட்டுக்கும் கொண்டு வந்து மாட்டிவிட்டார் என்று மனைவி கேலி செய்வாள். பொய்யில்லை. வீட்டில் அவர் பேச்சு 'ம்' என்ற ஒரு எழுத்தோடு முடிந்துவிடும். சந்தோஷத்துக்கும் 'ம்', கோபத்துக்கும் 'ம்', கோபம் என்றால் கொஞ்சம் நீளம். மகளைப் பெண் பார்க்க வந்தபோது அத்தனை பேரும் இவர் வாயையே பார்த்தார்கள். 'ம்' என்றார். கல்யாணம் நடந்து முடிந்தது.

மனைவி அதற்கு நேர் எதிர். அவள் பிறந்த வீட்டில் சாப்பாட்டுக்கு இரண்டு பந்தி உட்காரும். அப்பா கூடப் பிறந்தவர்கள் ஆறு பேர், அம்மா கூடப் பிறந்தவர்கள் எட்டுப் பேர், அவரவர் பிள்ளை குட்டிகள், போதாக்குறைக்கு யாருக்கு யார் உறவு என்றே தெரியாமல் தங்கிவிட்ட இரண்டு கிழவர்கள். அந்தச் சத்தத்தில் வளர்ந்தவளைக் கொண்டுவந்து இந்த 'ம்' வீட்டில் விட்டால் என்ன செய்வாள்? மகள் மேல்படிப்புக்கு வெளியூர் போன வருஷம், விடியற்காலையில் தனியாக நடக்கப் போக ஆரம்பித்தாள்.

தெரு முடிகிற இடத்தில் ஊருக்குக் குடிதண்ணீர் தருகிற தேக்கம். அதைச் சுற்றி மரங்களுக்குள்ளே ஒரு மண்பாதை. டிரைவர் நாலு மணிக்கே டிப்போவுக்குப் போய்விடுவார். இவள் ஆறு மணிக்குக் கதவைப் பூட்டினால் சரியாக ஏழு மணிக்குத் திறப்பாள். மத்தியானம் அவர் வந்து சாப்பிட உட்கார்ந்ததும் கதை தொடங்கும்.

"பெரியத்தை இன்னைக்கு ரொம்ப வாடிப்போய் இருந்தாங்க. ஓரகத்திங்க ரெண்டு பேருக்கும் ஒரே சண்டை, காதைக் குடுக்க முடியல. சித்தப்பா வழக்கம்போல ஒத்தக்கால்ல நிக்கறாரு, இன்னும் சாப்பாடு கிடைக்கல போல."

"ம்."

"அவரு இன்னைக்கு ரெண்டு நிமிஷம் லேட்டு."

"ம்."

இந்த உறவெல்லாம் அந்தப் பாதையில் இருந்த உறவு என்பது மட்டும் டிரைவருக்குத் தெரியும். எது மரம், எது பறவை என்று கேட்டதில்லை. முப்பத்தொரு வருஷம் குறுக்கே வருவதை மட்டும் பார்த்துப் பழகிய கண் அவருடையது. மாடு குறுக்கே வந்தால் மாடு உண்டு. ஓரமாக நின்றால் அது அவர் உலகத்திலேயே கிடையாது. மனைவி சொன்னதில் எதுவும் குறுக்கே வரவில்லை.

அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தாள். "நீங்களும் வாங்களேன், ஒரு சுத்து."

"முப்பத்தொரு வருஷம் உக்காந்தே ஊர் சுத்துனவன். நடந்து வேற சுத்தணுமா?" அன்றைக்கு அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான். அப்புறம் அவள் கூப்பிடவில்லை. சாப்பாட்டு நேரத்துக் கதையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஒரு நாள் மட்டும், தட்டைப் பார்த்துக்கொண்டே, "அவரு இப்பல்லாம் வர்றதே இல்ல" என்றாள். டிரைவர் செய்தித்தாளை மடக்காமலே, "பருவம் மாறினா வேற ஊருக்குப் பறந்திருக்கும்" என்றார். அவள் எழுந்து போய் பாத்திரம் கழுவினாள்.

இப்படியே இரண்டு வருஷம் போயிற்று. கடல் தாண்டி இருந்த மகளுக்குப் பிரசவம் என்று சேதி வந்தது. ஆறு மாதத்துக்கு என்று மனைவி கிளம்பினாள். பெட்டியெல்லாம் டாக்சியில் ஏற்றிய பிறகு, கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"என் ஆளுங்களைப் பாத்துக்கோங்க. தெனம் காலையில ஒரு சுத்து போயிட்டு வாங்க. போன்ல கேப்பேன்."

"ம்."

போகவில்லை. எழுந்து தேநீர் போட்டுக் குடித்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எட்டு மணிக்கு போன் வரும். அங்கே அவளுக்கு அப்போது சாயங்காலம். முதல் வாரம் வீடியோவில் பேசினார்கள். அவளுக்கு போனைச் சரியாகப் பிடிக்க வராது. பாதி நெற்றியும் சுழலுகிற மின்விசிறியும்தான் தெரியும். "முகத்தைக் காட்டு" என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. குரல் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டார்.

"போனீங்களா? எல்லாரும் எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க."

"பெரியத்தை?"

"நல்லா இருக்காங்க."

"சித்தப்பா?"

ஒரே பதிலைச் சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்று தோன்றியது. கொஞ்சம் அலங்காரம் செய்தார். "சித்தப்பா நல்லா தழைச்சிருக்காரு. புது இலை விட்டிருக்கு."

மறுமுனையில் ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், பிறந்த குழந்தை விழித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டது.

"ஏங்க, சித்தப்பா கொக்குங்க! கொக்கு எங்கயாவது இலை விடுமா?"

அந்தச் சிரிப்பு அன்று முழுவதும் டிரைவருடைய காதில் இருந்தது. அப்படி அவள் சிரித்துக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று யோசித்தார். மேஜையில் ஒரு தட்டு, வாசலில் அவள் வீட்டுச் செருப்பு, கொடியில் அவள் மறந்து விட்டுப்போன ஒரு துண்டு. அடுத்த நாள் காலையில் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார்.

இருபத்திரண்டு நிமிஷத்தில் சுற்றி வந்துவிட்டார். கடிகாரத்தைப் பார்த்தார், சந்தேகம் வந்தது. மறுநாள் இன்னும் மெதுவாக நடந்தார். இருபத்து மூன்று. மனைவிக்கு முழுசாக ஒரு மணி நேரம் ஆகும் என்பது அவருக்குத் தெரியும். தெருவில் அவளை வைத்தே கடிகாரம் திருத்துவார்கள். வழி ஒன்று, தூரம் ஒன்று, மீதி முப்பத்தெட்டு நிமிஷம் எங்கே போயிற்று?

"ஒரு மணி நேரம் என்னதான் பண்ணுவே நீ?" போனில் அவராகக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"நிப்பேன்."

"எங்க?"

"எல்லார்கிட்டயும்தான். சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனா வாசல்லயே வரேன்னு சொல்லிட்டா திரும்புவீங்க? ரெண்டு நிமிஷம் உக்கார மாட்டீங்களா?"

டிரைவர் திரும்பப் போனார். இந்த முறை நின்றார். அது அவ்வளவு சுலபமாக இல்லை. ஸ்டாப் இல்லாத இடத்தில் நிற்பது அவர் உடம்புக்கே ஒத்துவரவில்லை. வலது கால் அழுத்துவதற்கு எதையோ தேடியது. பின்னாலே யாரோ ஹாரன் அடிக்கப்போகிற மாதிரி முதுகு கூசியது. யாரும் அடிக்கவில்லை. தண்ணீர்மேல் ஒரு இலை விழுந்தது. அது கரைக்கு வந்து சேருகிற வரை பார்த்துக்கொண்டிருந்தார். கடிகாரத்தில் நாலு நிமிஷம் ஆகியிருந்தது.

ஒவ்வொருவராகக் கண்டுபிடித்தார். தண்ணீர்ப் பக்கம் முதுகு வளைந்து, பக்கத்துப் பாறையில் கைபோட்டுச் சாய்ந்த மரம் பெரியத்தை. மனைவியின் நிஜப் பெரியத்தையும் அப்படித்தான், எந்த வீட்டுக்குப் போனாலும் சுவரில் சாய்ந்துகொண்டுதான் ஊர்க்கதை பேசுவாள். அவள் சாய்ந்து சாய்ந்தே ஒரு வீட்டுச் சுவரில் வெள்ளையடித்தது போய்விட்டது என்று சொல்வார்கள். நாணலுக்குள் ஒற்றைக்காலில் நின்ற கொக்கு சித்தப்பா. சாப்பாட்டு நேரம் பார்த்து வந்து, வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இலை போடுகிற வரை அசையாமல் நிற்கிற மனிதர். நீலச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு நொடி கிளையில் உட்கார்ந்து, எல்லாரும் பார்த்துவிட்டார்களா என்று பார்த்துவிட்டுப் பறக்கிற மீன்கொத்தி, மாப்பிள்ளை. கிளையும் கிளையும் பின்னி வளர்ந்து, காற்று அடித்தால் ஒன்றின்மேல் ஒன்று உரசிக் கிறீச்சிடுகிற இரண்டு மரங்கள் ஓரகத்திகள். ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு, ஒரே அடுப்பில் முப்பது வருஷம் முழங்கை இடித்துக்கொண்ட இரண்டு பெண்கள் வேறு எப்படி இருப்பார்கள்?

அவர்களிடம் நிற்க நிற்க, டிரைவருக்குத் தெரியாமலே கண் பழகிக்கொண்டது. பெரியத்தையின் பட்டையில் எறும்புகள் மேலே ஒரு வரிசையாகவும் கீழே ஒரு வரிசையாகவும் போவதைப் பார்த்தார். மழைக்கு முந்தின நாள் ஓரகத்திகள் சண்டை போடுவதில்லை என்று தெரிந்துகொண்டார். இதையெல்லாம் எட்டு மணிக்குச் சொல்வார். இப்போது மறுமுனையில் இருந்து "ம்" வரும். அது இவருடைய 'ம்' மாதிரி இல்லை. அதற்குள்ளே ஒரு ஆள் இருந்தது. ஒரு தடவை அவர் சொல்லி முடித்த பிறகும் அவள் வெகுநேரம் பேசவில்லை. "லைன் போயிடுச்சா?" என்று கேட்டார். "இல்ல. அங்கதான் நிக்கறேன்" என்றாள்.

டிரைவரோடு அதே வண்டியில் இருந்த பழைய கண்டக்டர் ஒருநாள் எதிரே வந்தார். ஊரில் அவருக்கு 'ரைட்டு' என்று பெயர். கல்யாண வீட்டில் சாப்பிட்டு எழுந்தாலும் 'ரைட்டு' என்பார்.

"என்ன டிரைவரே, மரத்தடியில பிரேக் டவுனா?"

"சும்மா நிக்கறேன்."

"என் மருமக இதுக்குக் காசு கட்டி வகுப்புக்குப் போறா. கண்ணை மூடிக்கிட்டு மூச்சைக் கவனிக்கணுமாம்."

"நான் கண்ணைத் திறந்துதான் வெச்சிருக்கேன்."

"அது சரி, மூடுனா நீ தூங்கிடுவே. ரைட்டு, வரேன்."

ஆறு மாதம் முடிந்தது. திரும்புகிற டிக்கெட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. ஒரு நாள் காலையில் மகள் போனை வாங்கினாள்.

"அப்பா, நான் வேலைக்குத் திரும்பப் போகணும். குழந்தையை விட இங்க நம்பிக்கையா ஆள் கிடைக்கல. அம்மா இன்னும் ஒரு வருஷம் இருக்கட்டுமே? நீங்க வேணாம்னா சொல்லுங்க, வேற ஏற்பாடு பண்றேன்."

டிரைவர் போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினார். மனைவி போனை வாங்கிக்கொண்டாள். "நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டாள். குரலில் கேலி இல்லை. பதிலுக்காகக் கேட்ட கேள்வி அது.

"ம்" என்றார்.

சொன்ன பிறகுதான் தெரிந்தது. மகள் கல்யாணத்தை முடித்த அதே 'ம்', இப்போது இன்னொன்றையும் முடித்துவிட்டது. "சரி" என்று வைத்துவிட்டாள். அன்று அவர் மத்தியானச் சாப்பாட்டைச் சூடு பண்ணி, தட்டில் போட்டு, அப்படியே மூடி வைத்துவிட்டார். வா என்று ஒரு எழுத்து. 'ம்'மும் ஒரு எழுத்துதான். இது வந்தது, அது வரவில்லை.

மறுநாளிலிருந்து அவள் குரல் மரியாதையாக இருந்தது. சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, அவ்வளவுதான். ஆளுங்களைப் பற்றி அவள் கேட்கவில்லை. டிரைவருக்குப் பயம் வந்துவிட்டது. ஒரு வருஷம் என்பது இரண்டாகும், குழந்தை பள்ளிக்கூடம் போகும், இன்னொன்று பிறக்கும். இங்கே கொடியில் கிடக்கிற துண்டில் அவள் வாசனை போய் சோப்பு வாசனையும் போய்விட்டது.

சொல்லத் தெரியாதவர் கணக்குப் பார்க்க உட்கார்ந்தார். பெரியத்தையிடம் ஏழு நிமிஷம், சித்தப்பாவிடம் பத்து, மாப்பிள்ளைக்கு மூன்று, ஓரகத்திகளிடம் எட்டு. ஓடுகிற நேரம் இருபத்திரண்டு. எல்லாம் சேர்த்தால் ஐம்பது. இன்னும் பத்து நிமிஷம் உதைத்தது. ஆளும் ஒருத்தர் பாக்கி. அந்த 'அவரு'.

"அவரு யாரு? எந்த இடத்துல இருப்பாரு?" என்று கேட்டார்.

"எதுக்கு இப்ப? அவரு வர்றதில்லன்னு அன்னைக்கே சொன்னேனே."

"சொல்லேன்."

"சொன்னா என்ன இருக்கு. பாத்தா தெரியும்." வைத்துவிட்டாள்.

இரண்டு நாள் மரம் மரமாகத் தேடினார். ஆந்தையா, கீரியா, பழைய ஆமையா? மூன்றாம் நாள் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது, அவள் அந்தக் காலத்தில் சொன்னது அப்படியே காதில் விழுந்தது. 'அவரு இன்னைக்கு ரெண்டு நிமிஷம் லேட்டு.' டிரைவர் வாய் கொப்பளிக்காமலே நின்றுவிட்டார். கொக்குக்கு ஏது லேட்டு? பூவுக்கு ஏது லேட்டு? லேட்டு என்று சொல்ல வேண்டுமானால் வருகிற நேரம் என்று ஒன்று எழுதி வைத்திருக்க வேண்டும். இன்னொன்றும் உறைத்தது. இத்தனை நாளும் தேநீர் குடித்துவிட்டு ஏழு மணிக்குத்தான் அவர் கிளம்பிக்கொண்டிருந்தார். வழி சரி, டிரிப் தப்பு.

அடுத்த நாள் ஆறு மணிக்குக் கதவைப் பூட்டினார். பெரியத்தையிடம் ஏழு, சித்தப்பாவிடம் பத்து, மாப்பிள்ளைக்கு மூன்று, ஒரு நிமிஷம் கூட்டாமல் குறைக்காமல் நின்று நடந்தார். பாதை தண்ணீரை விட்டு விலகி மேடேறுகிற இடத்தில் மணி ஆறு முப்பத்து மூன்று. அங்கே புதருக்கு நடுவே ஒரு இடைவெளி. இதற்கு முன்னே எத்தனையோ தடவை அதைத் தாண்டிப் போயிருக்கிறார். குனிந்து தரையைப் பார்த்தார். சுற்றிலும் முழங்கால் உயரப் புல். ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு மட்டும் மண் இறுகிக் கட்டாந்தரையாகக் கிடந்தது. அதன்மேலும் இப்போது மெல்லிசாகப் பச்சை படர ஆரம்பித்திருந்தது. எத்தனை மாதத்துப் புல் என்பது அவருக்குத் தெரியும்.

அதை மிதிக்க மனம் வராமல் பக்கத்தில் நின்றார். பார்ப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. தூரத்தில் ஆற்றுப்பாலம். அவ்வளவுதான்.

பார்ப்பதற்கு முன்னே கேட்டது. பாலத்துக்கு ஏறுகிற இடத்தில் வண்டி மூன்றிலிருந்து இரண்டாவது கியருக்கு இறங்குகிற ஒரு திணறல், பிறகு ஒரு பெருமூச்சு. முப்பத்தொரு வருஷம் அந்தத் திணறல் அவர் உள்ளங்கையில் இருந்தது. வெளியே நின்று கேட்டது இதுதான் முதல் தடவை. மரங்களின் இடைவெளியில் அவருடைய வண்டி, அவருடைய தடம், பாலத்தின்மேல் சின்னதாகப் போயிற்று. இப்போது அதை ஓட்டுகிறவனின் தலை மட்டும் ஒரு புள்ளியாகத் தெரிந்தது. மணி ஆறு நாற்பது.

அவள் நடக்க ஆரம்பித்த நாளிலிருந்து அவர் ஓய்வு பெறுகிற வரை, பதினோரு வருஷம். அந்தப் பாலத்தில் ஒரு நாளாவது இடது பக்கம் திரும்பியிருந்தால் போதும். டிரைவர் திரும்பக் கூடாது, அதுதான் சட்டம். சரி, வேலையில் திரும்பவில்லை. ஓய்வு பெற்று இரண்டு வருஷம் வீட்டில் எதிர்நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாரே, அப்போது திரும்பக் கூடாது என்று யார் சொன்னார்கள்? 'அவரு இப்பல்லாம் வர்றதே இல்ல.' எதிரே உட்கார்ந்தவரிடம்தான் அவள் அதைச் சொல்லியிருக்கிறாள். வேற ஊருக்குப் பறந்திருக்கும் என்று பதில் சொன்ன வாய் இது.

வழியில் ரைட்டு வீட்டுக் கதவைத் தட்டினார்.

"பாலத்துல போறப்ப தேக்கத்துப் பக்கம் யாராவது நிப்பாங்களா? நீ படியில நிப்பியே, பாத்திருக்கியா?"

"அந்த அம்மாவா? தெனமும் நிப்பாங்களே! தூரத்துல முகம் தெரியாது. கை காட்டுவாங்க. எனக்குத்தான் காட்டறாங்கன்னு நானும் பதினோரு வருஷமா கை காட்டுனேன். ஏன், யாரு அது?"

ரைட்டு அவர் முகத்தைப் பார்த்தார். வாய் மெல்லத் திறந்தது.

"அடக் கடவுளே. ஏன்யா, இதை ஒரு வார்த்தை..."

"நீ ஏன் சொல்லல?"

"நல்லா கேட்டே. டிரைவர்கிட்ட பேசக் கூடாதுன்னு உன் தலைக்கு மேலயே எழுதி வெச்சிருந்தாங்களே!"

எட்டு மணிக்கு போன் வந்தது. சாப்பிட்டீங்களா என்று அவள் தொடங்குவதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

"அவரு வந்துட்டாரு."

அந்தப் பக்கம் எங்கேயோ குழந்தை ஒரு கிண்ணத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. பிறகு அவள் கேட்டாள், மெதுவாக: "எத்தனை நிமிஷம் லேட்டு?"

"நிமிஷத்துல இல்ல." மூச்சை இழுத்துக்கொண்டார். "ரிட்டயர் ஆனப்புறமும் நின்னியா?"

"கால் தானா நின்னுடும். வண்டி வரும், உள்ள வேற யாரோ இருப்பாங்க. வீட்டுக்கு வந்தா நீங்க பேப்பருக்குப் பின்னால இருப்பீங்க."

"நீ நின்ன இடத்துல புல் முளைச்சிடுச்சு." அதற்குமேல் அவருக்கு வழி தெரியவில்லை. தெரியாமலே போனார். "நீ வா. என்னால முடியல. வந்துடு."

அவள் அழுதாளா சிரித்தாளா என்று சொல்ல முடியாது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. "இதை என்கிட்ட சொன்னா பத்தாது. உங்க பொண்ணுகிட்ட சொல்லுங்க. இந்தா, குடுக்கறேன்."

மகளிடம் அவர் பேசினார். சரளமாகப் பேசவில்லை, திக்கித் திக்கித்தான் பேசினார். ஆனால் 'ம்' என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. மகள் முதலில் பயந்துபோய், "அப்பா, உடம்புக்கு என்ன?" என்றாள். கடைசியில், குழந்தை நடக்க ஆரம்பிக்கிற வரைக்கும், நாலு மாதம், அதற்குள் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

நாலு மாதம் என்பது எத்தனை டிரிப் என்று டிரைவருக்குத் தெரியும். ஆறு மணிக்குக் கதவைப் பூட்டுவார். எல்லாரிடமும் அவரவர் நேரம் நின்றுவிட்டு, ஆறு முப்பத்து மூன்றுக்கு அந்த இடைவெளிக்கு வருவார். புல்லை மிதிக்காமல் பக்கத்தில் நிற்பார். அந்த இடம் அவளுடையது. திணறல் கேட்டதும் கையைத் தூக்குவார். படியில் நிற்கிற புதுக் கண்டக்டர் சில நாள் பதிலுக்குக் கை காட்டுவான். வண்டியை ஓட்டுகிறவன் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்க்க மாட்டான், பார்க்கவும் கூடாது. அது அவருக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் அவன் தலை பாலத்தைத் தாண்டி மறைகிற வரைக்கும் கையை இறக்காமல் நிற்பார்.